டொமைனை வித்தாச்சு, எப்படி கை மாத்துறது?

கேள்வி: ரொம்ப வருஷமா வெச்சிருந்த ஒரு டாட் காம் டொமைனை (இணைய முகவரிப் பேரை) வித்துட்டேங்க. சைட் எதுவும் கிடையாது, மெயிலுக்கு மட்டும்தான் யூஸ் பண்ணேன். வாங்குறவர் வேற ரெஜிஸ்ட்ரார்ல, அதாவது டொமைனைப் பதிஞ்சு குடுக்குற வேற கம்பெனியில, அக்கவுண்ட் வெச்சிருக்காரு. முதல்ல ஓனர் பேரை அவர் பேருக்கு மாத்திட்டு அப்புறமா அவரோட ரெஜிஸ்ட்ராருக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணலாம்னு இருக்கேன், சரிதானே?

பதில்: ஐயோ, அதை மட்டும் பண்ணிடாதீங்க! ஓனர் பேரை மாத்துன உடனே பல ரெஜிஸ்ட்ரார்ங்க வேற ரெஜிஸ்ட்ராருக்கு கொண்டு போக முடியாதபடி 60 நாள் லாக் போட்டுருவாங்க. டொமைன் பேர்களை மேற்பார்வை பண்ற ஐகான் அமைப்பு 2016 டிசம்பர்ல நடைமுறைக்கு கொண்டு வந்த விதி அது. முன்னாடியே வேணாம்னு சொல்ற வசதி சில இடத்துல உண்டு, ஆனா லாக் விழுந்தப்புறம் கெஞ்சிப் பிரயோஜனம் இல்ல, ரெண்டு மாசம் வாங்குனவர் உங்களையே முறைச்சுட்டு இருப்பாரு. அதனால முதல்ல ட்ரான்ஸ்ஃபர், டொமைன் அவர் பக்கம் போனப்புறம் ஓனர் பேரை அவரே மாத்திக்கட்டும்.

அதை விட பெரிய தலைவலி உங்க மெயில்தான். அந்த டொமைன்ல இருக்குற ஐடியை எங்கெங்க குடுத்து வெச்சிருக்கீங்கன்னு உக்காந்து யோசிங்க, பேங்க், போன் கம்பெனி, ஏன் அந்த ரெஜிஸ்ட்ரார் அக்கவுண்ட்டே அதே ஐடியிலதான் இருக்கும். நாளைக்கு டொமைன் அவர் கைக்கு போனதும் உங்க பாஸ்வேர்ட் ரீசெட் மெயில் எல்லாம் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். நானும் ஒரு தடவை இதுல மாட்டுனவன்தான். வாங்குனவர் அவசரப்படுறாரேன்னு நேம்சர்வரை (டொமைனோட மெயில் எங்க போகணும்னு காட்டுற செட்டிங்) முன்னாடியே மாத்திக் குடுத்தேன், அப்புறம் ஆத் கோட் (ட்ரான்ஸ்ஃபருக்கு வேண்டிய ரகசிய கோட்) கேட்டா அது அதே டொமைன் ஐடிக்கு போய் காணாம போச்சு. ஒரு வாரம் சப்போர்ட்டோட மல்லுக்கட்டு. அதனால முதல்ல ஐடியை எல்லாம் வேறதுக்கு மாத்துங்க, சில இடத்துல அந்த மாத்தத்துக்கும் லாக் உண்டு, கேட்டுட்டு செய்யுங்க.

காசு எஸ்க்ரோவுக்கு (டொமைன் கை மாறுற வரைக்கும் காசை நடுவுல வெச்சிருக்குற சேவை) வந்துருச்சான்னு நீங்களே லாகின் பண்ணி பாருங்க, மெயில்ல வர்ற லிங்க்கை நம்பாதீங்க. வந்தப்புறம்தான் ட்ரான்ஸ்ஃபர் லாக்கை (மேல சொன்ன 60 நாள் லாக் இல்ல, உங்க அக்கவுண்ட்ல நீங்களே எடுக்கக்கூடியது) எடுத்து ஆத் கோட் குடுக்கணும், டிஎன்எஸ்செக்ங்கிற பாதுகாப்பு செட்டிங் போட்டிருந்தா அதையும் முன்னாடியே எடுத்துருங்க. அவர் கோடைப் போட்டதும் உங்களுக்கு ஒரு மெயில் வரும், அதுல ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடியும், கண்டுக்காம விட்டா 5 நாள்ல தானா போயிரும். டாட் காம்னா ட்ரான்ஸ்ஃபரோட ஒரு வருஷ ரினியூவலும் சேரும், அந்தக் காசு அவர் கட்டுறது.

இன்னொண்ணு, அவரை உங்க ரெஜிஸ்ட்ரார்லயே ஒரு அக்கவுண்ட் திறக்கச் சொல்லிப் பாருங்க. அங்கயே புஷ் பண்ணிட்டா, அதாவது உங்க அக்கவுண்ட்ல இருந்து அவர் அக்கவுண்ட்டுக்கு மாத்திட்டா, ஆத் கோடும் வேணாம் அஞ்சு நாளும் வேணாம், பெரும்பாலும் அன்னிக்கே முடிஞ்சுரும். பிற்பாடு வேற இடத்துக்கு கொண்டு போறதுன்னா அது அவர் பாடு.