அன்பியக் கூட்டத்தில் யார் பேச வேண்டும்?
வாசகர் கேள்வி – பதில்

கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடி நற்செய்தியை வாசித்து, மனதில் பட்டதைப் பகிர்ந்துகொள்ளும் சிறு குழுதான் அன்பியம். அன்பியங்கள் குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

*எங்கள் பங்கில் 640 குடும்பங்கள், 12 அன்பியங்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பது குடும்பத்துக்கு மேல் இருந்தும், கூட்டத்துக்கு எட்டுப் பேர், பத்துப் பேர்தான் வருகிறார்கள். அதே முகங்கள். என்ன செய்யலாம்?*
— பங்குப் பேரவை உறுப்பினர், கன்னியாகுமரி மாவட்டம்

முதல் கோளாறு அந்த ஐம்பதில்தான் இருக்கிறது. ஐம்பது குடும்பம் என்றால் ஏறக்குறைய இருநூறு பேர். அத்தனை பேரையும் உட்கார வைக்க எந்த வீட்டிலும் இடமில்லை. ஆள் அதிகமாக அதிகமாக, 'நான் போகாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது' என்ற எண்ணமும் வளரும். ஒருவர் வராத அன்று 'ஏன் அக்கா வரவில்லை?' என்று நாலு பேர் கேட்கிற அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் அது அன்பியம். 20 முதல் 25 குடும்பம் சரியான அளவு. கூட்டத்தில் 12 முதல் 18 பேர் இருந்தால், பகிர்வுக்கு எல்லாருக்கும் நேரம் கிடைக்கும்.

இந்தக் கணக்கில் உங்கள் பங்குக்கு 26 முதல் 32 அன்பியங்கள் தேவை. ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அறிவித்துப் பிரித்துவிடாதீர்கள். அன்பியத்துக்கு இரண்டு பொறுப்பாளர்கள் என்றாலும் அறுபது பேர் வேண்டும். பயிற்சி இல்லாத அறுபது பேரிடம் கொடுத்தால் ஆறு மாதத்தில் எல்லாமே செபமாலைக் கூட்டமாகிவிடும். செபமாலைக்கு அதற்கென்று இடமும் மாதமும் இருக்கின்றன. நற்செய்திப் பகிர்வின் இடத்தை அது எடுத்துக்கொள்ளக் கூடாது. எனவே மூன்று பெரிய அன்பியங்களை மட்டும் முதலில் பிரியுங்கள். அவை ஒழுங்காக நடக்கத் தொடங்கியதும் அடுத்த மூன்று. ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகட்டும்.

எல்லை போடும்போது பங்கின் குடும்ப அட்டைகளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, கையாலேயே ஒரு படம் வரையுங்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய் இரவு எட்டரை மணிக்குப் பெரிய ரோட்டைக் கடக்காமல் வீடு திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். முடியாது என்றால் அந்த எல்லை தவறு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் ஊர்களில் தெரு என்பது பல இடங்களில் சாதி. தெருவாரியாகப் பிரித்தால் சாதிவாரியாகத்தான் பிரியும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையே வெளியிட்டிருக்கும்போது, நற்செய்தியை வாசிக்கக் கூடுகிற பாயில் அந்தப் பிரிவினையை நாமே விரிக்கலாமா? முடிந்த இடத்தில் எல்லைக்கோடு இரண்டு தெருக்களையும் சேர்த்தே போகட்டும். தொலைவு இடங்கொடுக்காவிட்டால், பக்கத்து அன்பியத்தோடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து கூடுங்கள். ஒருமுறை இந்தத் தெருவில், மறுமுறை அந்தத் தெருவில். கோயில் மண்டபத்தில் வேண்டாம். வீட்டுக்குள் போய், அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் சிலர் வரமாட்டார்கள். அதற்காக இடத்தை மாற்றாதீர்கள்.

*'ஏழு படி முறை' என்று தாளில் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். அதை வரிசையாக வாசித்து முடிக்கிறோம். இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. சரியாகத்தான் செய்கிறோமா?*
— அன்பியப் பொறுப்பாளர், தூத்துக்குடி

இருபது நிமிடத்தில் தீர்கிறது என்றால் மௌனமும் பகிர்வும் விட்டுப்போகின்றன என்று பொருள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்வால்ட் ஹிர்மர், ஃபிரிட்ஸ் லோபிங்கர் என்ற இரு ஜெர்மானியக் குருக்களின் உழைப்பில் பரவிய முறை இது. இருவரும் பிற்பாடு ஆயர்களானார்கள். குரு எப்போதாவது மட்டுமே வந்துபோகிற ஊர்களில், சாதாரண மக்களே நடத்திக்கொள்ளும்படி அமைத்தார்கள். எழுபது நிமிடம் ஒதுக்குங்கள்.

முதல் படியில் ஆண்டவரை அழைக்கிறோம்: ஒருவரோ இருவரோ சொந்த வார்த்தையில் செபிக்கட்டும், ஐந்து நிமிடம். இரண்டாவது, வாசித்தல். பகுதி 10 முதல் 15 வசனத்துக்குள் இருக்கட்டும்; வரப்போகும் ஞாயிறு நற்செய்தியே போதும். எண்ணைச் சொன்னதும் வாசிக்கத் தொடங்காதீர்கள். எல்லாரும் பக்கத்தைப் புரட்டி எடுக்கும்வரை காத்திருங்கள். கண் தெரியாத பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். இதற்கும் ஐந்து நிமிடம்.

மூன்றாவது படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். மனதில் தைத்த சொல்லையோ சிறு தொடரையோ அவரவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், செபம்போல மூன்று முறை, இடையில் சிறு இடைவெளி விட்டு. விளக்கம் கூடாது. கடலில் புயலை அடக்கிய பகுதியை (மாற்கு 4:35–41) எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'அக்கரைக்குச் செல்வோம்' என்பார். இன்னொருவர் 'உமக்குக் கவலையில்லையா?' என்பார். ஓர் அம்மா 'தலையணை' என்று மட்டும் சொல்வார். படகின் பின்புறம் ஆண்டவர் தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதியதை அதுவரை நாலு பேர் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரே சொல் என்பதால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தப் படியில் வாய் திறக்கும். பத்து நிமிடம் கொடுத்து, முடிவில் முழுப் பகுதியையும் இன்னொரு முறை, முடிந்தால் வேறொரு குரலில் வாசியுங்கள்.

நான்காவது, மௌனம். 'இப்போது ஐந்து நிமிடம் அமைதியாக இருப்போம்' என்று நேரத்தைச் சொல்லித் தொடங்குங்கள். எப்போது முடியும் என்று தெரியாவிட்டால் ஆட்கள் நெளிவார்கள், யாராவது பாட்டை ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்தாவது, பகிர்வு, இருபது நிமிடம். ஆறாவது, செயல், பதினைந்து நிமிடம். ஏழாவது, மன்றாட்டு, பத்து நிமிடம். எல்லாருக்கும் தெரிந்த பாட்டோடு முடியட்டும்.

*பகிர்வு நேரம் வந்ததும் எங்கள் அன்பியத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார். நல்ல மனிதர், மூத்தவர். எப்படிச் சொல்வது?*
— வாசகி, திருச்சி

இந்த ஒரே கேள்வி பதினோரு கடிதங்களில் வந்திருக்கிறது. அன்பியங்கள் மெலிவதற்கு வேறு எதையும்விட இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. ஒருவர் பதினைந்து நிமிடம் விளக்கிவிட்டால், அதற்குப் பிறகு பீடி சுற்றுகிற அம்மா தன் மனதில் பட்டதைச் சொல்லவே மாட்டார். 'சார் சொன்னதுதான் சரி' என்று அடங்கிவிடுவார். அந்த அம்மாவுக்காகத்தான் ஐந்தாம் படியே இருக்கிறது.

சில காரியங்களைச் சேர்த்துச் செய்தால் நிலைமை மாறும். பகிர்வு தொடங்குமுன், யாரையும் பாராமல், ஒவ்வொரு கூட்டத்திலும் தவறாமல் இதைச் சொல்லுங்கள்: 'எனக்கு எந்தச் சொல் பட்டது, ஏன் பட்டது, அதை மட்டும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்வோம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தவோ விளக்கவோ வேண்டாம்.' பேச்சில் 'நான்', 'எனக்கு' வந்தால் அது பகிர்வு. 'நாம் அனைவரும்', 'மனிதன் செய்ய வேண்டியது' என்று வந்தால் பிரசங்கம் தொடங்கிவிட்டது. வட்டமாக உட்காருங்கள். மூத்தவருக்கு மட்டும் நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய் என்றால் அந்த நாற்காலியே மேடையாகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் இரண்டு மூன்று நாற்காலிகளைப் பிரித்துப் போடுங்கள். பெரியவர் நீட்டும்போது, அவர் மூச்சு விடுகிற இடத்தில், 'ரொம்ப நன்றி சார், அந்தச் சொல் உங்கள் மனதில் நின்றதே. அடுத்து யார்?' என்று கேளுங்கள்.

அதோடு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். படிப்பும் அனுபவமும் உள்ளவரை வாய்மூட வைப்பது நோக்கம் அல்ல. மாதத்தில் ஒருநாள், பகிர்வு இல்லாத விவிலிய விளக்கக் கூட்டம் ஒன்றை வைத்து அவரையே நடத்தச் சொல்லுங்கள். புதிய பொறுப்பாளர்களுக்கு வாசிக்கப் பயிற்சி தரச் சொல்லுங்கள். பேச்சுக்கு உரிய இடம் கிடைத்தால், பெரும்பாலோர் பகிர்வில் தாமாகவே சுருக்கிக்கொள்வார்கள். முதலில் தனியாக, அவர் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் வைத்துச் சொன்னால் ஒரு குடும்பத்தையே இழப்பீர்கள்.

*பகிர்வில் ஒரு பெண் கணவரின் குடியைப் பற்றிச் சொல்லி அழுதார். மறுநாள் தெருவெல்லாம் அதே பேச்சு. அதன்பின் அவர் வருவதில்லை.*
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அவர் வீட்டுக்குப் போங்கள். இரண்டு பெண்கள் மட்டும். 'எங்களால் தவறு நடந்துவிட்டது' என்று சொல்லுங்கள். கூட்டத்துக்குத் திரும்ப அழைப்பதை அன்றைக்குப் பேசவே வேண்டாம்.

இனி ஒவ்வொரு பகிர்வுக்கு முன்னும் 'இங்கே கேட்டது இந்தப் பாயைத் தாண்டக் கூடாது' என்று சொல்லிப் பழகுங்கள். அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் கூட்ட நேரமும் வாசகப் பகுதியும் மட்டும் போகட்டும். பகிர்ந்ததும் வேண்டாம், அழுத முகம் தெரிகிற படமும் வேண்டாம். அடி, உதை என்று வந்தால் அதற்குச் செபம் மட்டும் போதாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொல்லுங்கள், அவர் சம்மதித்தால் கூடப் போங்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் இரகசியம் காக்கிற பேச்சே இல்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பது குற்றம். குழந்தைகளுக்கான எண் 1098.

*ஆறாவது படியில் என்ன செய்வது என்றே தெரிவதில்லை. 'எல்லாருக்காகவும் செபிப்போம்' என்று முடித்துவிடுகிறோம்.*
— அன்பியச் செயலாளர், மதுரை

செபிப்பது ஏழாம் படி. ஆறாம் படியில் மூன்று கேள்விகள்: போன தடவை எடுத்த வேலை என்ன ஆயிற்று? இப்போது நம் தெருவில் என்ன தேவை? யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்யப் போகிறோம்? மூன்றாவதற்கு ஆள் பெயரும் தேதியும் இல்லாவிட்டால் அது செயல் அல்ல, ஆசை.

சிறியதாகவே எடுங்கள். படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்கு நற்கருணை கொண்டுவரப் பங்குத்தந்தையிடம் சொல்வது. முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க ஒரு பாட்டியை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போவது. பள்ளிக்குப் போகாமல் நின்ற பையனின் வீட்டுக்கு இருவர் போய்ப் பேசுவது. அவர்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த வீட்டு இந்துக் குடும்பமும் உங்கள் தெருதான். ஒரு கூட்டத்துக்கு ஒரு வேலை போதும். நான்கை எடுத்து எதையும் முடிக்காமல் அடுத்த கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்தால், அதற்கடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

*ஆண்கள் வருவதே இல்லை.*
— பலர்

முதலில் நேரத்தைப் பாருங்கள். மாலை ஆறு மணிக் கூட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் தோதுப்படும். கடற்கரைப் பங்குகளில் ஞாயிறு கடலுக்குப் போகாத ஊர்கள் பல; அங்கே ஞாயிறு மாலை சரி. விசைப்படகுத் தொழில் உள்ள கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஆண்கள் ஊரில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் புதிதாகத் தொடங்குங்கள்.

ஆண்களை முதலில் செயலுக்குக் கூப்பிடுங்கள்; பகிர்வுக்கு அழைப்பது பிறகு. ஒரு விதவையின் வீட்டுக் கூரையைச் சரிசெய்ய வந்தவர், அடுத்த வாரம் அந்த வீட்டுக் கூட்டத்தில் ஓரமாக உட்காருவார். உட்காரட்டும். மூன்றாம் படியில் ஒரு சொல் சொல்ல அவருக்கு நாலைந்து கூட்டம் ஆகும்.

*கோயில் வரியையும் திருவிழாச் சந்தாவையும் அன்பியப் பொறுப்பாளரே வாங்குகிறார். இது சரியா?*
— வாசகர், திருநெல்வேலி

வேண்டாம். பாக்கி வைத்திருக்கிற குடும்பம் கூட்டத்துக்கு வராது. வரி வாங்கப் பங்குப் பேரவை வேறு ஆளை அனுப்பட்டும். அதேபோல, கூட்டம் நடக்கிற வீட்டில் சுக்குக்காப்பி அல்லது தண்ணீர், அவ்வளவுதான் என்று முடிவு செய்யுங்கள். ஒரு வீட்டில் கேசரி வைத்தால் அடுத்த வீட்டில் பிரியாணியாகும். அதற்கு அடுத்த வீட்டார் 'இந்த மாதம் எங்கள் முறை வேண்டாம்' என்பார்கள்.

*குருவானவர் இல்லாமல் வீட்டில் பைபிள் பகிர்வது பெந்தெகொஸ்தே வழி என்கிறார் என் மாமனார்.*
— வாசகி, சென்னை

மாமாவின் கவலைக்கு மரியாதையாகவே பதில் சொல்லுங்கள். இறைமக்கள் எல்லாரும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும், வாசிப்போடு செபமும் சேர வேண்டும் என்பது 1965-இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு ஏட்டில் 25-ஆம் எண். சிறு சமூகங்கள் தலத் திருச்சபையோடும் ஆயர்களோடும் ஒன்றித்திருக்கும்வரை அவை திருச்சபையின் நம்பிக்கை என்பதைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல், 'எவாஞ்ஜெலி நுன்சியாந்தி' மடலின் 58-ஆம் எண்ணில் சொன்னார். ஆசிய ஆயர்கள் 1990-இல் பாண்டுங் நகரில் கூடி, பங்கு என்பது சமூகங்களின் ஒன்றிப்பாக அமைய வேண்டும் என்றார்கள். பகிர்வு முடிந்து ஞாயிறு திருப்பலியில் அதே நற்செய்தியைக் கேட்கும்போது அவருக்கே இரண்டும் பொருந்திவிடும். அவரையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். முதல் படியின் தொடக்கச் செபத்தை அவரே சொல்லட்டும்.

*பங்குத்தந்தை மாறியதும் எல்லாம் நின்றுவிட்டது.*
— அன்பிய ஒருங்கிணைப்பாளர், திண்டுக்கல் மாவட்டம்

அன்பியம் அவருடைய தலையில் மட்டும் இருந்திருக்கிறது. பங்கு அளவில் ஆறு பேர் கொண்ட குழு வேண்டும், குறைந்தது மூன்று பேர் பெண்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று பேர் மாறட்டும், மூன்று பேர் தொடரட்டும். பொறுப்பாளர்களை மாதம் ஒருமுறை கூட்டி, ஏழு படியை அவர்களுக்குள்ளேயே செய்து பாருங்கள். செய்யாமல் நடத்தினால் மறுபடி தாளை வாசிப்பதில் போய் முடியும்.

ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு நோட்டு: தேதி, வீடு, வாசகம், வந்தவர் எண்ணிக்கை, எடுத்த வேலை, முடிந்ததா. பகிர்ந்ததை எழுதக் கூடாது. புதிய பங்குத்தந்தை வந்த முதல் மாதத்திலேயே நோட்டுகளைக் கட்டாகக் கொண்டுபோய் அவர் மேசையில் வையுங்கள். வைத்துவிட்டு, அந்த வாரக் கூட்டம் எந்த வீட்டில் என்று சொல்லி, அவரையும் வட்டத்தில் ஒருவராக வந்து உட்காரக் கேளுங்கள்.