முதல் டியூனிங் காருக்கு எதை வாங்கலாம்?

கேள்வி: டியூன் செய்வதற்கென்றே (பாகங்களை மாற்றித் திறனைக் கூட்டுவதற்கு) ஒரு பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன். மஸ்டா ஆர்எக்ஸ்-7, நிசான் சில்வியா எஸ்15, மஸ்டா மியாட்டா மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். பிறகு டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) போடும் எண்ணமும் உண்டு. இன்ஜினைப் பிரித்த அனுபவம் இல்லை. எதை எடுக்கலாம்?

பதில்: மியாட்டா. முடிந்தால் 1.8 லிட்டர் இன்ஜின் உள்ளது.

ஆர்எக்ஸ்-7 மீது எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் இருப்பது பிஸ்டன் இல்லாத ரோட்டரி இன்ஜின். உள்ளே சுழலும் முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும், அழுத்தம் கசியாமல் தடுக்கும் ஏபெக்ஸ் சீல்தான் அதன் உயிர். ஒருமுறை அளவு மீறிச் சூடேறினாலோ, எரிபொருள் கலவை தவறி நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வந்தாலோ சீல் போய்விடும். இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். கம்ப்ரஷன் (இன்ஜினுக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்கக்கூட ரோட்டரிக்கென்று தனி மீட்டர் வேண்டும். கற்றுக்கொள்ளும்போது தப்பு நடக்கும், அந்தத் தப்பை இந்த இன்ஜின் மன்னிக்காது.

சில்வியாவின் எஸ்ஆர்20டிஇடி நல்ல இன்ஜின், டர்போவும் கம்பெனியிலிருந்தே வருகிறது. சிக்கல் வேறு: எஸ்15 தயாரானது 1999 முதல் 2002 வரைதான், அதிலும் பல கார்கள் டிரிஃப்டிங்கில் (வளைவில் வேண்டுமென்றே காரைச் சறுக்கவிட்டு ஓட்டுவது) அடிபட்டவை. வெல்டிங் செய்த டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் கியர்), நிமிர்த்திய சேஸிஸ், யாரோ அவசரத்தில் ஒட்டுப்போட்ட வயரிங் எல்லாம் உங்கள் தலையில் விழும். "ஃபுல்லா மாடிஃபை பண்ணியது" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். கைபடாத கார் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

மியாட்டாவின் முதல் தலைமுறை 1989-இல் வந்தது. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். அதனால் டயர், பிரேக் பேட், டாம்பர் (ஷாக் அப்சார்பர்) மாற்றினாலே வித்தியாசம் கையில் தெரியும். முதல் வருடம் அதோடு நிறுத்துங்கள். அப்புறம் டர்போ. போடும்போது கூலிங், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ மூன்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். டார்க் (சுழற்று விசை) எகிறினால் முதலில் வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு, எனவே பூஸ்ட்டை (டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தை) அடக்கியே வையுங்கள்.

பார்க்கப் போகும்போது டார்ச்சும் காந்தமும் எடுத்துப் போங்கள். மடக்குக் கூரையின் தண்ணீர் வடியும் குழாய்கள் இலை தூசியால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பட்டைக்குள் இறங்கி உள்ளிருந்தே துரு பிடிக்கும். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காந்தம் அங்கே ஒட்டவில்லை என்றால் உள்ளே புட்டி. இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி, அந்தக் காரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.