லோதிகா சர்க்காரும் ஒரு திறந்த மடலும்

அன்புள்ள ஐயா,

நான் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. பெண் சட்ட அறிஞர்கள் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பில் லோதிகா சர்க்காரின் பெயர் ஒரே வரியில் வந்துபோகிறது: தில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த முதல் பெண். எங்கள் வகுப்பிலும் இதே கதைதான். காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி மீது நடந்த பாலியல் வன்முறை பற்றிய மதுரா வழக்கைப் பத்து நிமிடத்தில் முடித்து, "லோதிகா சர்க்கார் ஒரு கடிதம் எழுதினார், சட்டம் மாறிவிட்டது" என்றார்கள். ஒரு கடிதத்தால் சட்டம் மாறுமா? மாறியதென்றால் அந்த இரண்டு காவலர்களும் ஏன் தண்டனை அனுபவிக்கவில்லை? அதன்பின் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 114ஏ பிரிவைக் காட்டி, "பெண் சொன்னால் போதும், ஆண் உள்ளே" என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

ஒருவரை 'முதல் பெண்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், அவர் வாசலைத் தாண்டியது மட்டும்தான் நினைவில் நிற்கும். என் குறிப்பு அந்தத் தப்பைத்தான் செய்தது. 1923இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் லோதிகா சர்க்கார். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1948இல்தான். 1950களின் தொடக்கத்தில் தில்லிப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தில் சேர்ந்து முப்பதாண்டு பாடம் நடத்தினார். 2013 பிப்ரவரியில் மறைந்தார். இவற்றை எந்தக் கலைக்களஞ்சியத்திலும் பார்க்கலாம். உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அந்தக் கடிதத்தை அவர் தனியாக எழுதவில்லை. உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் கையெழுத்திட்டு இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் அது. தேதி 1979 செப்டம்பர் 16. தீர்ப்பு வந்தது 1978 செப்டம்பர் 15. ஓராண்டாக யாரும் பெரிதாகக் கவனிக்காத தீர்ப்பு.

வழக்கின் அடுக்கைப் பாருங்கள். 1972 மார்ச் 26 இரவு, மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். மதுரா என்ற பழங்குடிச் சிறுமி, மருத்துவர் கணித்த வயது 14க்கும் 16க்கும் இடையில். அண்ணன் கொடுத்த புகார் தொடர்பாக வாக்குமூலம் வாங்க அழைத்திருந்தார்கள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார்கள். பாலியல் வன்முறை வழக்கில் இரு காவலர்களையும் 1974இல் அமர்வு நீதிமன்றம் விடுதலை செய்தது. 1976இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அதைப் புரட்டி, காவலர் கண்பத்துக்கு ஐந்தாண்டும் தலைமைக் காவலர் துக்காராமுக்கு ஓராண்டும் தண்டனை விதித்தது. அச்சத்தால் அடங்கிப்போவதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது என்பது உயர் நீதிமன்றத்தின் வாதம். உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. உடம்பில் காயமில்லை, ஆகவே எதிர்ப்பில்லை, ஆகவே அது 'அமைதியாக நடந்த காரியம்' என்றது.

மடலின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், சம்மதித்தல், அடங்கிப்போதல் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே. சம்மதிப்பதில் அடங்கிப்போவதும் சேர்ந்திருக்கலாம். ஆனால் அடங்கிப்போனவரெல்லாம் சம்மதித்தவர் ஆகிவிடமாட்டார். வழக்கின் சாட்சியங்கள் காட்டுவது அடங்கிப்போனதை மட்டுமே, சம்மதத்தை அல்ல என்று அவர்கள் எழுதினார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த அடி. பெண்ணையோ 15 வயதுக்குட்பட்ட பையனையோ விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச் சொல்லக்கூடாது என்பது அப்போதைய குற்றவிசாரணை முறைச் சட்டத்தின் 160(1). நந்தினி சத்பதி வழக்கில், அதே 1978இல், உச்ச நீதிமன்றமே பெண்களைக் காவல் நிலையத்துக்கு அழைக்கும் வழக்கத்தைக் கண்டித்திருந்தது. அந்தக் கண்டனத்தின் மை காய்வதற்குள் வந்த மதுரா தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீதிமன்றத்தின் சொல்லையே எடுத்து நீதிமன்றத்தின் முன்னால் வைத்தார்கள். நல்ல ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிற முறை இது.

இனி, கடிதத்தால் சட்டம் மாறுமா என்ற கேள்வி. நேரடியாக மாறாது, மாறவுமில்லை. பெண்கள் அமைப்புகள் தொடுத்த சீராய்வு மனு தள்ளுபடியானது. வழக்கு அதோடு முடிந்தது, காவலர்கள் விடுதலையானவர்கள்தான். பின்னால் வந்த சட்டம் பின்னோக்கிப் போய்ப் பிடிக்காது. கடிதம் செய்தது வேறொன்று: நாளிதழ்களும் பெண்கள் அமைப்புகளும் பேசுவதற்குத் துல்லியமான வாசகத்தைக் கொடுத்தது. 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரலில் சட்ட ஆணையம் 84ஆம் அறிக்கையைக் கொடுத்தது. ஆகஸ்டில் மசோதா. நாடாளுமன்றக் கூட்டுக்குழு இரண்டாண்டு எடுத்துக்கொண்டது. 1983இன் 43ஆம் சட்டமாகி அந்த டிசம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. கடிதத்திலிருந்து நான்கு ஆண்டு மூன்று மாதம்.

வழியில் உதிர்ந்தவற்றையும் சொல்ல வேண்டும், வகுப்பில் இதைச் சொல்லமாட்டார்கள். சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்யக்கூடாது என்ற ஆணையத்தின் பரிந்துரை 1983இல் இடம்பெறவில்லை. 2005 திருத்தத்தில்தான் வந்தது. புகார் செய்த பெண்ணின் ஒழுக்கத்தைக் குறுக்கு விசாரணையில் இழுக்க வழிவிட்ட சாட்சியச் சட்டத்தின் 155(4) உயிரோடு இருந்தது. அதை 2002 இறுதியில்தான் நீக்கினார்கள். உடல்ரீதியாக எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக்கூடாது என்ற வரி, பாலியல் வன்முறையை வரையறுத்த தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில் ஏறியது 2013இல். அதுதானே 1979 மடலின் மையமே? முப்பத்துநான்கு ஆண்டு.

இப்போது உங்கள் வகுப்புத் தோழர்களின் கேலி. 114ஏ பிரிவை வாய்விட்டு ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். மூன்று படி இருக்கிறது. குற்றச்சாட்டு தண்டனைச் சட்டத்தின் 376(2)இல் குறித்த வகைகளுக்குள் வர வேண்டும். 1983இல் அவை முக்கியமாகக் காவல், சிறை, மருத்துவமனை போன்ற இடங்களில் அதிகாரம் உள்ளவர் செய்தது, கூட்டாகச் செய்தது என்பவை. அடுத்து, குற்றம் சாட்டப்பட்டவர் உடலுறவு கொண்டார் என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். இந்தச் சுமை இம்மியும் நகரவில்லை. அதன்பிறகு சம்மதம் இருந்ததா என்பது மட்டும் மிஞ்சி நிற்கும்போது, அந்தப் பெண் நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்கையில் "சம்மதிக்கவில்லை" என்று சொன்னால், நீதிமன்றம் சம்மதம் இல்லை என்று அனுமானித்தாக வேண்டும். 'அனுமானிக்கலாம்' என்றில்லை என்பதைக் கவனியுங்கள். அப்போதும் எதிர்த்தரப்பு அதை மறுத்து நிரூபிக்கலாம், கதவு மூடவில்லை.

மதுரா வழக்கிலேயே போட்டுப் பாருங்கள். கண்பத் விஷயத்தில் உடலுறவு நடந்தது என்று வைத்துக்கொண்டுதான் உச்ச நீதிமன்றம் பேசியது. கேள்வி சம்மதம் மட்டும். 114ஏ இருந்திருந்தால் 'காயமில்லை' என்ற வாதம் மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்காது. துக்காராம் விஷயம் வேறு. அவர் என்ன செய்தார் என்பதில் அந்தப் பெண்ணின் முன்பின் கூற்றுகள் முரண்பட்டன, அவர்மீது சொல்லப்பட்டதும் உடலுறவு அல்ல. 114ஏ அவரைத் தொட்டிருக்காது. இன்றும் பல வழக்குகள் சரிவது இரண்டாவது படியில்தான். மருத்துவப் பரிசோதனை தாமதமானால் அனுமானத்துக்கு அடித்தளமே கிடைக்காது. மதுராவைப் பரிசோதித்தது மறுநாள் இரவு, ஏறத்தாழ இருபது மணி நேரம் கழித்து.

லோதிகா சர்க்காரின் மற்ற வேலைகளிலும் இதே குணம்தான்: சிறிய காகிதம், சரியான முகவரி. பெண்களின் நிலை குறித்த குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1974 அறிக்கையில் பெரும்பான்மை சட்டமன்றங்களில் இடஒதுக்கீடு வேண்டாம் என்றது. அவரும் வீணா மஜும்தாரும் சேர்ந்து மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்கள். பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு 1993இல் வந்தது. சட்டமன்றங்களுக்கும் மக்களவைக்குமான 106ஆம் திருத்தம் 2023இல் நிறைவேறியது. 1981இல் ஆக்ரா பாதுகாப்பு இல்லத்தில் பெண்கள் அடைபட்டிருந்த நிலை பற்றிய செய்திகளைப் படித்து, அவரும் பக்ஷியும் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அதையே அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்கீழ் மனுவாக எடுத்துக்கொண்டு, மாவட்ட நீதிபதியிடம் இல்லத்தைப் பார்வையிட்டு அறிக்கை தரச் சொன்னது நீதிமன்றம். 1980இல் தில்லியில் மகளிர் மேம்பாட்டு ஆய்வு மையத்தை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர்.

தேர்வுக்கு ஒரு குறிப்பு. 2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறிவிட்டன: 114ஏ இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 120, 376(2) புதிய தண்டனைச் சட்டமான நியாய சம்ஹிதையின் 64(2), 160 புதிய குற்றவிசாரணை முறைச் சட்டமான சுரக்ஷா சம்ஹிதையின் 179. கேள்வித்தாளில் சம்பவத் தேதி அதற்கு முந்தியதாக இருந்தால் குற்றப் பிரிவுக்குப் பழைய எண்ணையே எழுதுங்கள். அந்த மடல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பான எஸ்.சி.சி.யின் 1979, 4ஆம் தொகுதி இதழ்ப் பகுதியில் 17ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. தீர்ப்பு அதே ஆண்டின் 2ஆம் தொகுதி, 143. தீர்ப்பை முதலில் படித்துவிட்டு மடலுக்குப் போங்கள்.