கேளுங்க அக்கா: மோக்கால ஏன் கட்டி தட்டுது?

கேள்வி: அக்கா, வீட்ல மோக்கா (சாக்லேட் சேர்த்த காபி) போடும்போது கோகோ பவுடர் பால் மேல கட்டி கட்டியா மிதக்குது, எவ்ளோ கலக்கினாலும் போகமாட்டேங்குது. பால் சூடு பத்தலையா?

பதில்: சூடு இல்லம்மா, எதுக்கப்புறம் எத சேர்க்கறோம்ங்கறதுதான் விஷயம். கோகோ சர்க்கரை மாதிரி கரையற பொருளே கிடையாது, அதுல கொழுப்பு இருக்கறதால சட்டுன்னு நனையாது, கப் நிறைய பால்ல கொட்டினா உருண்டையோட மேல் பக்கம் மட்டும் நனைஞ்சு உள்ள காஞ்ச மாவு அப்படியே மாட்டிக்கும். அதனால முதல்ல காலி கப்ல 1 டேபிள்ஸ்பூன் கோகோ, 2 டீஸ்பூன் சர்க்கரை, ஒரே ஒரு சிட்டிகை உப்பு போட்டு காஞ்சபடியே கலந்துடு, சர்க்கரை நடுநடுவுல போய் கோகோவ ஒட்டாம பிரிச்சு வைக்கும். அப்புறம் சுடச்சுட 2 ஸ்பூன் காபி மட்டும் விட்டு பளபளன்னு பேஸ்ட் ஆகற வரைக்கும் நல்லா குழை, இந்த இடத்துல மட்டும் அவசரமே படாத. பிறகு மிச்ச காபி (மொத்தம் 60 மில்லி போதும், ஆனா நல்லா திக்கா இருக்கணும், இல்லன்னா சாக்லேட் வாசனைல காபி காணாம போயிடும்), கடைசியா 150 மில்லி சூடான பால். பால பொங்க விடாத, 65 டிகிரி கிட்ட இருக்கும்போதுதான் அதோட இனிப்பு நல்லா தெரியும், அதுக்கு மேல போகப்போக காய்ச்சின வாடை வந்துடும்.

உப்பு எதுக்குன்னு கேப்ப. கசப்ப அமுக்கும், அவ்ளோதான், ஆனா அது இல்லாம நான் போடறதே இல்ல.

கப் அடியில கொஞ்சம் தங்கறது இயல்புதான், பாதி குடிச்சதும் ஒரு தடவ கலக்கிக்கோ.

கேள்வி: பவுடருக்கு பதிலா டார்க் சாக்லேட் உருக்கி அதுல ஒரு ஸ்பூன் காபி விட்டேன், மண்ணு மாதிரி திரிஞ்சு போச்சு. தூக்கி போட்டுட்டேன்.

பதில்: அய்யோ, போட்டிருக்க வேண்டாமே! அது கெட்டுப்போகல. உருகின சாக்லேட்ல துளி ஈரம் பட்டா அதுல இருக்கற சர்க்கரை துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதான் அப்படி இறுகுது. இன்னும் கொஞ்சம் சூடான காபி விட்டு அடிச்சிருந்தா தானா வழவழன்னு வந்திருக்கும். அடுத்த தடவ தனியா உருக்கவே வேண்டாம், 25 கிராம் சாக்லேட்ட பொடியா நறுக்கி கப்ல போட்டு அந்த 60 மில்லி காபியையும் ஒரே மூச்சுல ஊத்திட்டு ஒரு நிமிஷம் தொடாம விட்டு அப்புறம் கலக்கு. கோகோவ விட இதுல கொழுப்பு அதிகம், வாய்ல நிக்கற சுவையே வேற, எனக்கு இதுதான் பிடிக்கும்.

கேள்வி: மோக்கான்னா சாக்லேட்னு அர்த்தமா?

பதில்: இல்லைங்க, அது ஏமன்ல செங்கடல் ஓரமா இருக்கற ஒரு துறைமுகத்தோட பேரு. ஒரு காலத்துல காபிக்கொட்டை அங்கேருந்துதான் கப்பல் ஏறி உலகம் பூரா போச்சு. சாக்லேட் சேர்த்த காபிக்கு அந்த பேர் வந்தது ரொம்ப பிற்பாடு.

கேள்வி: ராத்திரி குடிச்சா தூக்கம் போகுமா?

பதில்: போகலாம், காபிலயும் கஃபீன் இருக்கு, கோகோலயும் கொஞ்சம் இருக்கு. ராத்திரிதான் வேணும்னா டிகாஃப் (கஃபீன் எடுத்த) காபில போடுங்க, இல்ல சாயங்காலத்தோட முடிச்சுக்கோங்க.