பூஞ்சையில் பிறக்கும் இனிப்பு: ஷாத்தோ த ஃபார்க் பற்றிய கேள்வி பதில்

பிரான்ஸின் போர்தோ நகருக்குத் தென்கிழக்கே, சோத்தெர்ன் வட்டாரத்தில் உள்ள ஷாத்தோ த ஃபார்க் தோட்டத்தின் இனிப்பு வெள்ளை ஒயினைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, இதன் தித்திப்பு சர்க்கரை கலப்பதால் வருவதா?

பதில்: இல்லை, அது திராட்சையின் தித்திப்பே. போட்ரைட்டிஸ் சினெரியா என்ற பூஞ்சை பழத்தோலை நுண்ணிய இழைகளால் துளைப்பதால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் செறிந்துவிடுகின்றன. சாம்பல் படிந்து ஊதா கலந்த பழுப்பாகச் சுருங்கிய அந்தப் பழத்தைப் பார்த்தால் தூக்கி எறியத்தான் தோன்றும். பிழிந்தாலோ, தேனைப் போலக் கெட்டியான சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். ஆல்கஹால் 14 சதவீதத்தை நெருங்கும்போது ஈஸ்ட் தளர்ந்துவிடும் என்பதால், நொதிக்காத சர்க்கரை ஒயினிலேயே தங்கிவிடுகிறது.

கேள்வி: பூஞ்சை வந்தாலே நாங்கள் மருந்து தெளிக்கிறோம். அங்கே மட்டும் அது எப்படி வரமாகிறது?

பதில்: பூஞ்சை அதேதான், வேறுபடுவது வானிலை. மர நிழலில் ஓடிவரும் சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றின் வெதுவெதுப்பான நீரோடு கலப்பதால் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் பூஞ்சை பரவுகிறது. பிற்பகல் வெயிலும் காற்றும் பழத்தை உலர்த்திவிட்டால் நல்லது. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் அதே பூஞ்சை வெறும் அழுகலாகிவிடும். அண்டைத் தோட்டமான இக்கெம், 2012ஆம் ஆண்டு அறுவடையைத் தன் பெயரில் வெளியிடாமலே விட்டுவிட்டது.

கேள்வி: விலை ஏன் இவ்வளவு அதிகம்?

பதில்: ஒரே குலையில் ஒரு பழம் பதமாயிருக்கும், அடுத்தது காயாகவே நிற்கும். ஆகவே பறிப்பவர்கள் பதமான பழங்களை மட்டும் கத்தரித்துக்கொண்டு, மீதிக்காகச் சில நாள் கழித்து மீண்டும் வருகிறார்கள். இப்படிப் பல சுற்றுகள். ஹெக்டேருக்கு 2,500 லிட்டர்தான் இவ்வட்டாரத்தின் சட்ட வரம்பு, நல்ல தோட்டங்கள் அதையும் எட்டுவதில்லை. ஃபார்க்கில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின் என்பதே கணக்கு. இதற்குமேல் மூன்றாண்டு அளவில் ஓக் பீப்பாய்களிலும் வைக்கிறார்கள். விலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: போர்தோ ஒயின் தோட்டங்களை வகைப்படுத்திய 1855 தரவரிசையில் இத்தோட்டம் இல்லையே, ஏன்?

பதில்: இங்கே சோத்தெர்ன் ஒயின் முதன்முதலாக வந்ததே 1943 அறுவடையில்தான். தோட்டமோ 1472 முதல் லூர்-சாலூஸ் குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1687இல் தீக்கிரையான கோட்டையின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 1785இல் ஒரு திருமணத்தின் வழியாக இக்கெமும் இக்குடும்பத்துக்கு வந்தது. 1990களின் இறுதியில் இக்கெம், எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் வசமாயிற்று. 2004 வரை இக்கெமை நிர்வகித்த அலெக்ஸாந்தர் த லூர்-சாலூஸ், பிறகு ஃபார்க்கையே முழுமையாகக் கவனித்துக்கொண்டார்.

கேள்வி: எதனுடன் அருந்துவது?

பதில்: உப்பு தூக்கலான ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியுடன், சுமார் 10 டிகிரி குளிர்ச்சியில். பொன்னிறம் அம்பர் நிறமாக மாறிய பழைய புட்டி என்றால் துணையாக எதுவும் வேண்டாம்.