ஈக்களை அணிந்த தாய்

கேள்வி: மெசொப்பொத்தேமியக் கதைகளில் தாய்த் தெய்வங்கள் அடிக்கடி அழுகிறார்களே, தெய்வத்தாலும் தன் பிள்ளைகளைக் காக்க இயலாதா?

பதில்: இயலாது என்றுதான் அக்கதைகள் சொல்கின்றன. அழிவுக்கான ஆணை தேவர்களின் அவையில் பிறக்கிறது. தேவர்களின் தலைவர்களான அனுவும் என்லிலும் முடிவு செய்துவிட்டால், பெற்றவளின் மன்றாட்டு எடுபடாது. கி.மு. 2004 அளவில் ஈலாமியரிடம் வீழ்ந்த ‘ஊர்’ நகரத்துக்காக (அந்நகரின் பெயரே அதுதான்) எழுந்த சுமேரியப் புலம்பலில், அந்நகரின் தலைவியான தேவி நின்கல் அவ்விருவர் முன்னும் கண்ணீர் வடித்துக் கெஞ்சியும் பயனில்லாமல், வேற்றூரில் அந்நியளாக அமர்ந்து அழுகிறாள்.

ஆயினும், இதை வெறும் கையறுநிலை என்று கொள்வது, பெருவெள்ளக் கதையைச் சொல்லும் அத்ராகசிஸ் என்ற பாபிலோனியக் காவியத்துக்குப் பொருந்தாது. கொல்லப்பட்ட ஒரு தேவனின் சதையையும் குருதியையும் களிமண்ணோடு கலந்து மனிதரைப் படைத்த தாய்த் தெய்வம் நின்து, பெருவெள்ளத்தில் அவர்களின் உடல்கள் தும்பிகளைப் போல ஆற்றை நிறைத்துக் கிடப்பதைக் கண்டதும், முதலில் தன்னையே குற்றம் சாட்டுகிறாள்: அவையில் மற்றவர்களோடு சேர்ந்து இந்த அழிவுக்கு நான் எப்படி உடன்பட்டேன் என்பதே அவள் கேள்வி. என் பிள்ளைகள் ஈக்களைப் போல் ஆகிவிட்டார்களே என்றும் அரற்றுகிறாள்.

வெள்ளம் வடிந்தபின், உயிர்பிழைத்த அத்ராகசிஸ் இட்ட படையலின் வாசனைக்குப் பசித்த தேவர்களும் ஈக்களைப் போலவே மொய்க்கிறார்கள். அப்போது அவள், தன்னை மகிழ்விக்க அனு முன்பு செய்து தந்த ஈ வடிவ அணிகளைக் கையிலெடுத்து, இந்நாட்களை மறவாதிருக்க இவை என் கழுத்தில் நீலக்கல் மாலையாகக் கிடக்கட்டும் என்கிறாள். பிள்ளைகளின் பிணங்களையும் தேவர்களின் பசியையும் ஒரே பூச்சியால் சுட்டும் இந்த இடம்தான் காவியத்தின் உச்சம் என்பது என் கருத்து. கில்கமேஷ் காவியத்தின் 11-ஆம் களிமண் பலகையில் இக்காட்சி மீண்டும் வரும்போது, வெள்ளத்துக்குக் காரணமான என்லில் இந்தப் படையலுக்கு வரக் கூடாது என்று அவள் வெளிப்படையாகவே தடுக்கிறாள்.

கேள்வி: கோயில்களில் இப்புலம்பல்களைப் பாடியவர்கள் பெண்களா?

பதில்: பெரும்பாலும் ‘கலா’ எனப்பட்ட ஆண் பூசாரிகள். ஆனால் அவர்கள் பாடிய மொழி, சுமேரிய இலக்கியத்தில் தேவியரும் பெண்களும் பேசும் எமெசல் என்னும் வழக்கு. சுமேரியம் பேச்சில் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தும் கோயில்களில் அது ஒலித்தது.