எந்த பேனல் நல்லது? மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

மாடியில் சோலார் பேனல் போடுவது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டு கொட்டேஷனை இணைத்து, "சார், இதில் எது பெஸ்ட்?" என்று முடிகின்றன. கொட்டேஷனோடு மாடியின் போட்டோ ஒன்றும் அனுப்புங்கள் என்று எல்லோரிடமும் கேட்கிறேன். பேனலின் கதை பாதிதான் அந்தப் பேப்பரில் இருக்கும். மீதி உங்கள் மாடியில் இருக்கிறது.

வேளச்சேரி வாசகி: 3 கிலோவாட் போடப் போகிறோம். ஒருவர் மோனோ பெர்க் 540 வாட் பேனல் ஆறுக்கு 1,80,000 ரூபாய் சொல்கிறார். இன்னொருவர் டாப்கான் 575 வாட் ஆறுக்கு 2,10,000 ரூபாய். டாப்கானுக்கு 30,000 அதிகம் கொடுக்கலாமா?

மோனோ பெர்க், டாப்கான் இரண்டும் பேனலுக்குள் இருக்கும் சிலிக்கான் செல்லின் வகைகள், டாப்கான் புதியது. முதலில் இரண்டையும் ஒரே தராசில் வைப்போம். 540 வாட் ஆறு என்றால் 3,240 வாட். 575 வாட் ஆறு என்றால் 3,450 வாட். முதல் கொட்டேஷனில் வாட்டுக்கு 55.50 ரூபாய் சொச்சம், இரண்டாவதில் ஏறக்குறைய 61 ரூபாய். அதாவது நீங்கள் அதிகம் கொடுக்கும் 30,000இல் சுமார் 11,700 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் 210 வாட்டுக்கே சரியாகப் போகிறது. டாப்கான் என்ற பெயருக்கு நீங்கள் கொடுப்பது 18,000 சொச்சம்தான்.

அந்த 18,000க்கு என்ன கிடைக்கும்? பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. நம்மூர் மொட்டை மாடியில் மே மாதப் பகல் ஒரு மணிக்குப் பேனலின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், இரண்டு விநாடி தாங்காது. செல் 65 டிகிரியைத் தொட்டிருக்கும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மோனோ பெர்க் சுமார் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் சுமார் 0.30 சதவீதம். 40 டிகிரி ஏற்றத்துக்குக் கணக்குப் போட்டால் 14 சதவீதமும் 12 சதவீதமும் போய்விடும். 540 வாட் பேனல் அந்த நேரத்தில் 465 வாட் பேனல் மாதிரி வேலை செய்கிறது. வித்தியாசம் உண்மைதான், ஆனால் உச்சி வெயிலிலேயே அது 2 சதவீதம்தான். ஆண்டு முழுவதும் பார்த்தால் இன்னும் குறையும்.

பெரிய வித்தியாசம் வயதாவதில் இருக்கிறது. மோனோ பெர்க் முதல் ஆண்டில் 2 சதவீதம் வரை இழந்து, பிறகு ஆண்டுக்கு 0.55 சதவீதம் போல இறங்கும். டாப்கானுக்கு முதல் ஆண்டு 1 சதவீதம், பிறகு 0.4. இருபத்தைந்தாவது ஆண்டில் ஒன்று 85க்கு அருகில் நிற்கும், மற்றது 89ஐத் தாண்டி நிற்கும். சென்னையில் ஒரு கிலோவாட்டுக்கு சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொண்டால், கூடுதல் வாட், சூடு, வயது மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 500 யூனிட் அளவுக்கு உங்களுக்கு அதிகம் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் வீடு உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு கொட்டேஷனிலும் ஸ்ட்ரக்சர் (பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம்), இன்வெர்ட்டர் (பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் பெட்டி), கேபிள் எல்லாம் ஒரே தரமா என்று பாருங்கள். டாப்கான் என்று போட்டுவிட்டு, கீழே இரும்பை மெலிதாக்கி விலையைச் சரிக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு மோனோ பெர்க் எடுங்கள். இன்னொன்று, மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் வேண்டுமானால், செல்லும் பேனலும் இந்தியாவில் தயாரான டிசிஆர் வகையாக இருக்க வேண்டும். "டிசிஆர்" என்ற சொல் கொட்டேஷனில் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கொளத்தூர் வாசகர்: பழைய ஸ்டாக் பாலி பேனல் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பாலி என்பது பழைய வகைச் செல். அதே வாட்டுக்கு இடம் அதிகம் பிடிக்கும், சூட்டில் அதிகம் இழக்கும், மானியமும் பெரும்பாலும் கைக்கு வராது.

திருவான்மியூர் வாசகர்: கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு. உப்புக் காற்றில் பேனல் தாங்குமா? எந்த பிராண்டு வாங்குவது?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. பிராண்டுக்கு முன்னால் போல்ட்டைப் பார்க்க வேண்டிய வீடு உங்களுடையது.

உங்கள் பகுதியில் நான் ஏறிப் பார்த்த ஒரு மாடியைச் சொல்கிறேன். போட்டு மூன்று வருஷம்தான். கண்ணாடி பளிச்சென்று இருந்தது, அலுமினிய ஃபிரேமில் லேசான வெள்ளைப் பூப்பு, அவ்வளவுதான். ஆனால் பேனலைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் போல்ட்டைத் தொட்டேன், விரலில் செங்கல் பொடி மாதிரி துரு ஒட்டிக்கொண்டது. ஒரு நட்டை ஸ்பேனர் போட்டுத் திருகினால், போல்ட்டின் தலை அப்படியே கையோடு வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷ வாரண்டி உள்ள பேனலை மூன்று வருஷத்தில் செத்துப்போகும் போல்ட் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் என் கையில் இருந்த துருவைப் பார்த்துக்கொண்டே நின்றார். இன்றும் அந்த முகம் மறக்கவில்லை.

பேனலுக்கு ஐஇசி 61701 என்ற உப்புப் பனிச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல கம்பெனிகள் எல்லாவற்றிடமும் இருக்கும், கேட்டால் தருவார்கள். முடிந்தால் இரண்டு பக்கமும் கண்ணாடி உள்ள பேனல் எடுங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் உள்ளதைவிட ஈரப்பதத்தை அது நன்றாகத் தடுக்கும். எடை கூடும், ஆனால் கான்கிரீட் தளத்துக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பது) செய்ததாக, பூச்சு 80 மைக்ரான் அளவுக்கு இருக்கட்டும். முக்கியமாக, மாடியில் வைத்து வெல்டிங் அடித்து அதன் மேல் சில்வர் பெயிண்ட் பூசுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் எரிந்துபோகும், துரு அந்த இடத்தில்தான் முதலில் கண் திறக்கும். அளவெடுத்து, ஓட்டை போட்டு, அதன் பிறகு கால்வனைஸ் செய்து கொண்டுவந்து போல்ட்டில் பூட்டச் சொல்லுங்கள். நட்டும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகில் எஸ்எஸ் 304 வகை, உங்கள் வீட்டுக்கு 316 கிடைத்தால் இன்னும் நல்லது. எர்த் வயரின் நுனியில் மாட்டும் லக் வெறும் செம்பாக இருந்து, அதை அலுமினிய ஃபிரேமில் நேராக முறுக்கினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். வெள்ளீயம் (டின்) பூசிய லக் போடச் சொல்லுங்கள்.

காற்றும் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது நகரம் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புயல் பேனலை மேலிருந்து அழுத்துவதைவிடக் கீழே புகுந்து தூக்கும். எட்டடி உயரத்தில் பந்தல் மாதிரி போடுகிறீர்கள் என்றால் ஸ்ட்ரக்சர் டிசைன் ரிப்போர்ட்டில் அந்த 50 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தைத் துளைத்து ஆங்கர் போட்டால் வாட்டர் புரூஃபிங் கெடும். கம்பி வைத்து கான்கிரீட் பெடஸ்டல் (குட்டைத் தூண்) கட்டி அதன் மேல் நிறுத்துவது நல்லது.

அண்ணா நகர் வாசகி: பக்கத்து வீட்டுத் தென்னை மரமும் எங்கள் மாடிப்படி ரூமும் நிழல் தருகின்றன. எந்த பேனல் நிழலில் வேலை செய்யும்?

நிழலில் வேலை செய்யும் பேனல் என்று ஒன்று கிடையாது. நிழலில் குறைவாக இழக்கும் ஏற்பாடு மட்டும்தான் உண்டு. ஒரு தென்னை ஓலையின் நிழல் ஒரு வரிசைச் செல்லில் விழுந்தாலே அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும். செல்களைப் பாதியாக வெட்டி மேல், கீழ் என இரண்டு பாதியாக இணைத்த ஹாஃப் கட் பேனலை, நீளப்பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் கீழ்ப்பாதியில் நிழல் விழும்போது மேல்பாதி பெரும்பாலும் ஓடும். நிழல் பல பேனலில் மாறி மாறி விழுகிறது என்றால், ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக ஓட வைக்கும் மைக்ரோ இன்வெர்ட்டரோ ஆப்டிமைசரோ பேனலுக்கு ஒன்றாகப் போடலாம்.

அதற்கு முன்னால் இடத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். உச்சி வேளையிலேயே பத்தடிச் சுவரின் நிழல் வடக்கே ஏழரை அடி நீளும், காலையில் அதைவிட அதிகம். ஜூனில் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும், அதே சுவரின் உச்சி வேளை நிழல் தெற்கே இரண்டடிகூட வராது. ஆகவே படி ரூமுக்குத் தெற்குப் பக்கம் பேனல் வையுங்கள், வடக்குப் பக்கம் வேண்டாம். மார்கழியில் காலை 9 மணி, 12 மணி, 3 மணிக்கு மாடியில் சாக்பீஸால் நிழலின் விளிம்பைக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதுதான் உங்கள் இடம்.

தாம்பரம் வாசகர்: சோலார் போட்டால் கரண்ட் கட் ஆகும்போது ஃபேன் ஓடும் என்று நம்பி இருந்தேன். ஓடாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?

உண்மைதான். மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன் கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. வெயில் கொளுத்தினாலும் ஓடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, மாடியில் பேனலை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்த வீடுகள் எத்தனையோ.

பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட்டால் ஓடும். செலவு நன்றாகவே ஏறும். லித்தியம் பேட்டரியில் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை எடுங்கள், சமையலறைக்குப் பக்கத்திலோ வெயில் படும் இடத்திலோ வைக்காதீர்கள். உங்கள் பகுதியில் மாதம் ஓரிரு முறை, அரை மணி நேரம்தான் கட் என்றால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியும் லைட், ஃபேனுக்குப் போதும். சோலாரைத் தனியாக ஆன் கிரிட்டில் போடுங்கள். என் வீட்டிலும் இப்படித்தான்.

அம்பத்தூர் வாசகி: இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்தான் ஆகிறது. மானியம் இருக்கும்போதே போட்டுவிடலாமா?

வேண்டாம் அம்மா. இலவச யூனிட்டும் சலுகை விலையும் போக உங்கள் பில் சின்னதுதான். அந்தச் சின்ன பில்லைக் குறைக்க லட்சம் ரூபாய் போடாதீர்கள். சோலார் முதலில் குறைப்பது பில்லின் மேல்படியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டை. உங்கள் பில்லில் அந்தப் படியே இல்லை. 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குச் சலுகை விலையும் போய்விடுகிறது, ஆயிரத்துக்கு மேல் ஒரு யூனிட் 11 ரூபாயைக் கடக்கிறது. லாபம் அவர்களுக்குத்தான். ஏசி வாங்கினாலோ, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தாலோ மறுபடி எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.

பெரம்பூர் வாசகர்: பைஃபேஷியல் பேனல் பின்பக்கமும் கரண்ட் தரும் என்று 30 சதவீதம் கூடுதல் என்கிறார்கள்.

30 என்பது விளம்பரம். தளத்தை ஒட்டி ஒரு அடி உயரத்தில் போட்டால் பின்பக்கத்துக்குப் பெரிதாக வெளிச்சம் போகாது. மாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டி, அதற்கு மேல் ஏழெட்டு அடி உயரத்தில் போட்டால் சில சதவீதம் கூடும். டைல்ஸ் அழுக்கேறினால் அதுவும் குறையும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் இரட்டைக் கண்ணாடிக்காக எடுங்கள், பின்பக்கக் கரண்ட்டுக்காக வேண்டாம்.

மேற்கு மாம்பலம் வாசகி: அபார்ட்மெண்டில் எட்டு வீடு. லிஃப்ட், மோட்டாருக்காவது சோலார் போடலாமா?

போடலாம், நல்ல யோசனை. குடியிருப்போர் சங்கத்தின் பொது உபயோகத்துக்கு அதே மத்தியத் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மாடி எல்லோருக்கும் பொது என்பதால் எட்டு வீட்டுக் கையெழுத்தையும் தீர்மானமாக எழுதி வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள். துணி காயப்போடும் இடம் யாருக்குப் போகிறது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

பள்ளிக்கரணை வாசகர்: போர் தண்ணீரில் பேனல் கழுவலாமா?

உங்கள் பகுதிப் போர் தண்ணீர் வாளியில் எப்படிக் கறை விடுகிறதோ, கண்ணாடியிலும் அப்படியே விடும். காய்ந்த வெள்ளைப் படலம் பிறகு தேய்த்தாலும் போகாது. ஆர்ஓ மெஷினில் கழிவாக வரும் தண்ணீர் அதைவிட மோசம். மெட்ரோ வாட்டரோ மழைநீரோ எடுத்து, விடிகாலையில் மென்மையான துணி கட்டிய மாப்பால் துடையுங்கள். சூடான கண்ணாடியில் உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பேனல் மேல் கால் வைக்காதீர்கள், செல்லுக்குள் விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. போகி முடிந்த மறுநாள் ஒரு முறை கட்டாயம் துடையுங்கள், டயர் புகைக் கரி எண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கும்.

போரூர் வாசகர்: நாளை பேனல் வந்து இறங்குகிறது. எதைச் சரிபார்க்க வேண்டும்?

பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணும் வாட்டும் கொட்டேஷனோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எல்லாப் பேனலின் சீரியல் நம்பரையும் மாடிக்கு ஏற்றும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள், வாரண்டிக்கும் மானியத்துக்கும் அதுதான் ஆதாரம். கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் தெரியும். எர்த் குழி ஏசி கரண்ட் பக்கத்துக்கு (வீட்டுப் பக்கம்), டிசி கரண்ட் பக்கத்துக்கு (பேனல் பக்கம்), இடிதாங்கிக்கு எனத் தனித்தனியாக மூன்று இருக்க வேண்டும்.

வேலை முடியும்போது கனெக்டர்களைப் பாருங்கள். மேடவாக்கத்தில் என் அக்கா வீட்டில் போட்டுக்கொடுத்தவர், பேனலோடு வந்த, வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் வேறு கம்பெனியின் மலிவான ஜோடியைச் செருகியிருந்தார். க்ளிக் என்று பூட்டியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எட்டாவது மாதம் ஒரு ஸ்ட்ரிங் (வரிசையாக இணைத்த பேனல்கள்) நின்றுபோனது என்று அக்கா கூப்பிட்டு, போய்ப் பார்த்தால் கனெக்டர் உருகிக் கருகி, பக்கத்து பிவிசி பைப்பும் நெளிந்திருந்தது. கீழே துணி கொடி கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் கனெக்டர்தானா என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். எதுவும் தளத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடக்கக் கூடாது, ஸ்ட்ரக்சரோடு கட்டியிருக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.